கஜினி: ஆள் பேரு இல்ல, ஊர் பேரு

இந்த வார எபிசோடின் எழுத்து வடிவம் இது. பேசும்போது விட்டுப்போன சில விஷயங்களை இங்கே சேர்த்திருக்கிறேன். அதனால் ஏற்கெனவே கேட்டவங்களும் ஒரு தடவை படிச்சுப் பாருங்க.

முதல்ல என் சொந்தக் கதை. இன்ஜினியரிங்ல கணக்குப் பேப்பர் ஒண்ணை நான் நாலு தடவை எழுதினேன். நாலாவது தடவைதான் பாஸ். அதுக்கு ஹாஸ்டல்ல எனக்குக் கிடைச்ச பட்டம் 'கஜினி'. ஏன்னு உங்களுக்குச் சொல்லவே வேண்டாம். தமிழ்ல அந்தப் பேருக்கு அர்த்தமே அதுதான்: விடாம படையெடுக்கிறவன். 2005-ல சூர்யா படம் வந்தப்புறம் 'எல்லாத்தையும் மறந்துபோறவன்'னு இன்னொரு அர்த்தமும் ஒட்டிக்கிச்சு. எனக்கு ரெண்டும் பொருந்தும்.

ஒரு நாள் கேன்டீன்ல ஃப்ரெண்ட் ஒருத்தன், "டேய் கஜினி, தோசை வந்துருச்சு!"ன்னு கத்தினான். நான் திரும்பினேன். பக்கத்து டேபிள்ல இன்னொருத்தரும் திரும்பினார். அவர் ஆப்கானிஸ்தான்லேர்ந்து எம்.டெக் படிக்க வந்தவர். ஹாஸ்டல்ல எல்லாரும் அவரை 'பாய்'னு கூப்பிடுவோம். எழுந்து வந்து, "கஸ்னியா சொன்னீங்க? அது என் ஊர்"ன்னார். அப்புறம் கேட்டார், "உன்னை எதுக்கு என் ஊர் பேரைச் சொல்லிக் கூப்பிடறாங்க?"

எனக்குத் தெரிஞ்ச கதையைச் சொன்னேன். ஒரு ராஜா 17 தடவை இந்தியா மேல படையெடுத்துத் தோத்தார், 18-வது தடவை ஜெயிச்சார், அதான் விடாமுயற்சிக்கு அவர் பேரு. பாய் சிரிச்சார். "அவர் தோக்கவே இல்லையே"ன்னார். கொஞ்ச நேரம் கழிச்சு, "அது ஒரு ஊர். எங்க அம்மா அங்கதான் இருக்காங்க"ன்னார்.

இந்த எபிசோட் அந்த ஊரைப் பத்தி.

ஊட்டி உயரத்துல ஒரு ஊர்

காபூல்லேர்ந்து காந்தஹார் போற நெடுஞ்சாலையில் தென்மேற்கே சுமார் 150 கிலோமீட்டர் போனால் கஸ்னி. அதே பேர் கொண்ட மாகாணத்தின் தலைநகரம். கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 2,200 மீட்டர். கிட்டத்தட்ட நம்ம ஊட்டி உயரம். ஆனா ஊட்டி பூமத்திய ரேகைக்குப் பக்கம், கஸ்னி ரொம்ப வடக்கே. அதனால் பச்சைப் புல்வெளியும் தேயிலையும் அங்கே கிடையாது. மழை குறைவான, காஞ்ச பீடபூமி. குளிர்காலத்தில் பனி மூடிடும். தெருவுல அதிகம் கேட்கிறது தாரி, அதாவது பாரசீகத்தின் ஆப்கன் வடிவம். சுத்துப்பட்டு கிராமங்களுக்குப் போனா பஷ்தோவும் ஹசாராக்களின் பேச்சும் கேட்கும்.

கஸ்னி என்ற பெயர் 'கருவூலம்', 'புதையல்' என்ற பொருள் தரும் பழைய ஈரானியச் சொல்லிலிருந்து வந்தது என்று மொழி அறிஞர்கள் சொல்றாங்க. இந்தப் பொருளை ஞாபகம் வச்சுக்கோங்க.

7-ஆம் நூற்றாண்டில் சீன யாத்ரீகர் யுவான் சுவாங் இந்தப் பக்கம் போனபோது இது பௌத்தம் செழித்த பகுதி. நகரத்துக்கு வெளியே தபா சர்தார் என்ற குன்றில் இத்தாலிய அகழாய்வாளர்கள் ஒரு பெரிய பௌத்த மடத்தைத் தோண்டி எடுத்தாங்க. படுத்த நிலையில் மிகப் பெரிய களிமண் புத்தர் அங்கே இருந்தார். அதே மடத்தின் ஒரு சந்நிதியில் மகிஷாசுரமர்த்தினியின் களிமண் சிலையும் கிடைச்சது. பௌத்த மடத்துக்குள்ள துர்கை! பாடப்புத்தகத்தில் இந்தியாவைத் தாக்க மட்டுமே வந்துபோகிற ஊர், அதுக்கு முன்னாடி பல நூற்றாண்டுகள் இந்தியாவோடு ஒரே கலாசார வட்டத்தில் இருந்த ஊர்.

பாபர் கேட்ட கேள்வி

1504-ல் காபூலைப் பிடித்த பாபர் கஸ்னிக்கும் போனார். தன் நினைவுக் குறிப்புகளில் ஒரு சந்தேகத்தை எழுதி வச்சிருக்கார்: இந்துஸ்தானத்தையும் குராசானையும் ஆண்ட ராஜாக்கள், அவ்வளவு நல்ல இடங்கள் கையில் இருக்கும்போது, இப்படி ஒரு எளிய ஊரை எதுக்குத் தலைநகரமா வச்சுக்கிட்டாங்க?

ரொம்ப நல்ல கேள்வி. இதுக்குப் பதில் தேடினாலே ஊரோட கதை முழுக்க வந்துடும்.

962 வாக்கில் அல்ப்டிகின் என்ற துருக்கியத் தளபதி கஸ்னியைக் கைப்பற்றினார். அவர் புகாராவிலிருந்து ஆண்ட சாமானியர்களிடம் அடிமை வீரராக இருந்து உயர்ந்தவர். எஜமானர்களோட தகராறு வந்ததும், அவங்க கை எட்டாத தூரத்துக்கு வந்துட்டார். அவருக்குப் பின் 977-ல் ஆட்சிக்கு வந்தவர் சபுக்டிகின், அவரும் அடிமையாக இருந்தவர். சபுக்டிகினின் மகன்தான் நம்ம கதாநாயகர். அவர் பேரு முகமது இல்லை, மஹ்மூத். ரெண்டும் வேற வேற பேர், தமிழ்ல வந்து ஒண்ணாயிடுச்சு. 998-ல் தம்பி இஸ்மாயிலைத் தோற்கடிச்சு அரியணை ஏறினார், 1030 வரை ஆண்டார்.

இப்ப வரைபடத்தைப் பாருங்க. கஸ்னியிலிருந்து கிழக்கே மலைக் கணவாய்கள் வழியா இறங்கினால் சிந்து நதிச் சமவெளி. மேற்கேயும் வடக்கேயும் போனால் குராசான், ஈரான். ரெண்டு பக்கத்துக்கும் நடுவுல, உயரத்துல, ஒரு கோட்டை. இலையுதிர் காலத்தில் கிளம்பி, குளிர்காலம் முழுக்க சமவெளியில் போர் செஞ்சு, அங்கே வெயில் ஏறுறதுக்குள்ள மலைக்குத் திரும்பிடலாம். சோமநாதர் படையெடுப்பின் கால அட்டவணையே இதுதான்: 1025 அக்டோபரில் கஸ்னியிலிருந்து புறப்பாடு, நவம்பரில் முல்தான், தண்ணீரை ஒட்டகங்களில் ஏத்திக்கிட்டு தார் பாலைவனம், 1026 ஜனவரியில் சோமநாதர், வசந்த காலத்தில் திரும்பி கஸ்னி.

அதாவது அது விளையிற ஊர் இல்ல, கிளம்பிப் போய்த் திரும்பி வர்ற ஊர். பாபருக்குக் கிடைக்காத பதில் இதுதான்னு நான் நினைக்கிறேன்.

'17' என்ற எண்ணுக்கும் வருவோம். அது 19-ஆம் நூற்றாண்டில் ஹென்றி எலியட் என்ற ஆங்கிலேய அதிகாரி போட்ட கணக்கு வழியா பிரபலமான எண். ஆய்வாளர்கள் கணக்கு வேறுபடும். ஆனா 17 தடவை தோத்து 18-வது தடவை ஜெயிச்சார் என்பது சுத்தமா தப்பு. காஷ்மீர் வழியில் லோஹ்கோட் கோட்டையில் ரெண்டு தடவை முடியாம திரும்பினார். மத்த பெரும்பாலான படையெடுப்புகளில் வெற்றிதான். அவர் திரும்பத் திரும்ப வந்தது தோத்ததால இல்ல, ஒவ்வொரு தடவையும் கிடைச்சதால.

என்ன கிடைச்சது? தங்கம், யானைகள், மனிதர்கள். 1018-19-ல் மதுரா, கன்னோஜ் படையெடுப்பு முடிந்து 53,000 பேர் அடிமைகளாகக் கஸ்னிக்கு வந்தாங்க, ஒருத்தர் விலை 2 திர்ஹத்திலிருந்து 10 திர்ஹம் வரைதான்னு அரசவை வரலாற்றாசிரியர் உத்பி எழுதுறார். எஜமானரைப் புகழ்வதற்காக எழுதியது, எண்ணிக்கையில் மிகை இருக்கலாம். ஆனா புகழ்றதுக்கே அவர் தேர்ந்தெடுத்த விஷயம் இதுதான்னா, அந்தச் சந்தையின் அளவை யோசிச்சுப் பாருங்க. அந்தப் பணத்தில் கஸ்னியில் 'அரூஸ் அல்-ஃபலக்', அதாவது 'விண்ணுலக மணமகள்' என்ற பெரிய மசூதி எழுந்தது. பக்கத்தில் கல்விக்கூடமும் நூலகமும்.

இந்த இடத்தில் நம்மளையும் ஒரு தடவை பார்த்துக்கலாம். மஹ்மூத் சோமநாதருக்குக் கிளம்பிய அதே 1025-ல்தான் ராஜேந்திர சோழனின் கப்பல்கள் ஸ்ரீவிஜயத்தைத் தாக்கின. அங்கிருந்து எடுத்து வந்தவற்றில் வித்தியாதர தோரணம் என்ற வாயிலையும் அவன் மெய்க்கீர்த்தி பெருமையா பட்டியல் போடுது. ரெண்டு பேரும் ஒண்ணுன்னு நான் சொல்லலை, நோக்கமும் வேற, தொடர்ச்சியும் வேற. ஆனா ஒண்ணைக் கொள்ளைன்னும் இன்னொண்ணை வெற்றின்னும் நாம எவ்வளவு சுலபமா சொல்லிடறோம் பாருங்க.

எடுத்துட்டு வந்த அறிவாளிகள்

மஹ்மூத் தங்கத்தை மட்டும் சேர்க்கலை. 1017-ல் ஆரல் கடலுக்குத் தெற்கே குவாரஸ்மைப் பிடிச்சப்ப, அங்கிருந்த ஒரு விஞ்ஞானியையும் கஸ்னிக்குக் கொண்டுவந்தார். அவர்தான் அல்-பிரூனி.

என் வேலைக்கு நெருக்கமான ஆள் இவர், அதனால கொஞ்சம் அதிகமாவே பேசுவேன். கஸ்னி பூமியில் சரியா எந்த இடத்தில் இருக்கு என்பதைக் கணக்கிடறதுக்காகவே ஒரு முழுப் புத்தகம் எழுதினார், 1025-ல் முடிச்சார். விருப்பமில்லாம கொண்டுவரப்பட்ட ஊர், அதோட ஆயத்தொலைவுகளைக் கண்டுபிடிக்கிறார்! பஞ்சாபில் நந்தனா கோட்டைப் பக்கத்து மலை மேல நின்னு, அடிவானம் எவ்வளவு கீழே இறங்கித் தெரியுதுன்னு கோணத்தை அளந்து பூமியின் ஆரத்தைக் கணக்கிட்டார். விடை இன்றைய அளவுக்கு மிக அருகில். அப்புறம் சமஸ்கிருதம் படிச்சு, பண்டிதர்களோடு பேசி, 1030 வாக்கில் இந்தியாவைப் பத்தி பெரிய நூல் எழுதினார். மஹ்மூதின் படையெடுப்புகள் அந்த நாட்டின் வளத்தை நாசமாக்கிடுச்சு, அங்கிருந்த மக்கள் தூசி மாதிரி சிதறிட்டாங்க, அதனாலதான் அவங்களுக்கு நம்ம மேல வெறுப்பு என்று அதில் சொல்றார். இதை அவர் எழுதியது கஸ்னி ஆட்சியின் நிழலிலேயே வாழ்ந்துகொண்டு. கடைசியில் 1048 வாக்கில் அந்த ஊரிலேயே இறந்தார்.

ஃபிர்தவ்ஸியும் 1010-ல் முடிச்ச 'ஷாநாமா'வை மஹ்மூதுக்குத்தான் சமர்ப்பிச்சார். தங்கம் எதிர்பார்த்தவருக்கு வெள்ளி வந்தது, அவர் கோபத்தில் அதைக் குளியல்காரருக்கும் சர்பத்காரருக்கும் கொடுத்துட்டார் என்பது பின்னால் வந்த கதை. உண்மையோ இல்லையோ, பாரசீக உலகம் மஹ்மூதை ஞாபகம் வச்சிருக்கிற விதங்களில் இதுவும் ஒண்ணு.

இந்த ஊரில் இந்தியர்களும் இருந்தாங்க, அடிமைகளாக மட்டும் இல்லை. மஹ்மூதின் மகன் மசூதின் இந்தியப் படைக்குத் தலைவர் திலகர் என்ற இந்து, நாவிதர் மகன். லாகூரில் கலகம் செஞ்ச கஸ்னித் தளபதியை அடக்கியதே அவர்தான். இதைக் கஸ்னி அரசவையில் வேலை பார்த்த பைஹகி எழுதி வச்சிருக்கார்.

ஏழு நாள் தீ

1040-ல் தந்தானகான் போரில் செல்ஜுக் துருக்கியரிடம் மசூத் தோத்தார், குராசான் போச்சு. கஜானாவை எல்லாம் ஏத்திக்கிட்டு இந்தியாவை நோக்கிக் கிளம்பினார். வழியில் அவருடைய சொந்தப் படையே அந்தக் கஜானாவைக் கொள்ளையடிச்சு, அவரைப் பதவியிலிருந்து இறக்கிடுச்சு. கொஞ்ச நாளில் கொலையும் செய்யப்பட்டார்.

அப்படியும் கஸ்னி இன்னும் நூறு வருஷம் தாக்குப்பிடிச்சது. மூன்றாம் மசூதின் அரண்மனைச் சுவரில் ஓடிய பளிங்குப் பலகைகளில் பாரசீகக் கவிதையே செதுக்கியிருந்தாங்க. சூஃபிக் கவிஞர் சனாயி இந்த ஊர்க்காரர், ரூமி தன் முன்னோடியாக மதித்தவர். இன்னைக்கும் கஸ்னியில் நிற்கிற ரெண்டு செங்கல் கோபுரங்களும் இந்தக் காலத்தவை, ஒண்ணு மூன்றாம் மசூத் கட்டியது, இன்னொண்ணு பஹ்ராம் ஷா கட்டியது.

அந்த பஹ்ராம் ஷா, பக்கத்து மலைநாடான கோரின் இளவரசர்கள் ரெண்டு பேரைக் கொன்றார். ஒருத்தரை ஊர் நடுவே அவமானப்படுத்திக் கொன்றார். அவங்களோட சகோதரர் அலாவுதீன் ஹுசைன் பழிவாங்கப் படையோடு வந்தார். 1150-51 வாக்கில் கஸ்னி ஏழு நாள் எரிந்தது. மஹ்மூத் உட்பட மூணு சுல்தான்களின் சமாதிகளை மட்டும் விட்டுவிட்டு மத்த எல்லாத்தையும் அழிச்சார். அதுக்குப் பிறகு அவருக்கு நிரந்தரப் பட்டம் 'ஜஹான்சூஸ்', உலகை எரித்தவர்.

எரிந்ததில் ஒரு விஷயம் என்னைத் தூங்க விடலை. மசூத் காலத்தில் கஸ்னிப் படை இஸ்ஃபஹானைக் கொள்ளையடிச்சப்ப, தத்துவவாதியும் மருத்துவருமான இப்னு சீனாவின் புத்தகங்களையும் தூக்கிட்டு வந்துடுச்சு. அவை கஸ்னி நூலகத்தில் இருந்தன, கோர் படை வச்ச தீயில் எரிஞ்சன என்று வரலாற்றாசிரியர் இப்னு அல்-அதிர் எழுதுறார். எங்க துறையில் முதல் நாளே சொல்லிக்கொடுப்பாங்க, எல்லா டேட்டாவையும் ஒரே சர்வரில் வைக்காதேன்னு. ஊர் ஊரா திரட்டி ஒரே இடத்தில் குவிச்சா, அந்த ஒரு இடம் எரியும்போது எல்லா ஊரும் சேர்ந்து எரியுது.

அலாவுதீனின் அண்ணன் மகனுங்க வழியா 1173-ல் கஸ்னி கோர் வம்சத்து முகமதுவின் கைக்கு வந்தது. ஆமா, நம்ம பாடப்புத்தகத்து கோரி முகமதுவேதான். கஸ்னியிலிருந்துதான் அவரும் இந்தியாவுக்குக் கிளம்பினார். 1221-ல் மங்கோலியர்கள் வந்து மிச்சத்தையும் முடிச்சாங்க.

அணையும் கதவும்

திரும்ப பாபருக்கு வருவோம். கஸ்னி பக்கத்து கிராமம் ஒண்ணில் ஒரு சமாதி இருந்ததாம், நபி மேல் வாழ்த்து சொன்னதும் அது அசையும்னு ஊரெல்லாம் பேச்சு. பாபர் போய்ப் பார்த்தார், அசையற மாதிரிதான் தெரிஞ்சது. ஆனா அவர் விடலை. சமாதிக்கு மேல ஒரு பரண் கட்டி, பணியாளர்கள் அதை ஆட்டிக்கிட்டிருந்தாங்க. படகில் போறவனுக்குக் கரை நகர்ற மாதிரி, பரணில் நிக்கிறவனுக்குச் சமாதி நகருது. எல்லாரையும் கீழே இறக்கிட்டு வாழ்த்து சொல்லச் சொன்னார். அசைவு இல்லை. பரணைப் பிரிக்க உத்தரவு போட்டார். ஒவ்வொண்ணா நீக்கிப் பார்க்கிற அதே டீபக்கிங்தான், ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி!

அதே பாபர் கஸ்னியின் திராட்சையையும் ஆப்பிளையும் பாராட்டறார். இன்னொண்ணும் செய்தார். ஊருக்கு மேலே ஆற்றின் குறுக்கே மஹ்மூத் கட்டிய ஓர் அணை இருந்தது, ஜஹான்சூஸ் அதையும் உடைச்சிருந்தார். இந்துஸ்தானத்தை ஜெயிச்ச வருஷம், அந்த அணையைச் சரிசெய்ய பாபர் பணம் அனுப்பினார். மஹ்மூதின் பேரில் நாம ஒண்ணை ஞாபகம் வச்சுக்கணும்னா, என் ஓட்டு இந்த அணைக்கு. கொண்டுவந்த பணத்தில் அந்த மண்ணிலேயே எதையாவது விளைய வச்சது அதுதான். சுல்தான் அணை என்ற பேரில் அங்கே இருந்த அணை 2005 மார்ச்சில் வெள்ளத்தில் உடைஞ்சு, ஊருக்குள் தண்ணீர் வந்தது.

இன்னொரு பொருளுக்கு வேற மாதிரி தலையெழுத்து. 1842-ல் காபூலில் பேரழிவைச் சந்திச்ச ஆங்கிலேயர்கள் பழிவாங்க மறுபடி வந்தப்ப, கவர்னர் ஜெனரல் எல்லன்பரோவின் உத்தரவுப்படி மஹ்மூத் சமாதியின் மரக்கதவுகளைக் கழற்றினாங்க. அவை சோமநாதர் கோயிலின் சந்தனக் கதவுகள், எட்டு நூற்றாண்டு அவமானத்துக்குப் பழி தீர்த்துட்டோம்னு எல்லன்பரோ இந்திய மன்னர்களுக்கு அறிக்கை விட்டார். லண்டன் நாடாளுமன்றத்தில் மெக்காலே அதைக் கிழிச்சுத் தொங்கவிட்டார். கதவுகளைப் பார்த்தா, சந்தனம் இல்லை, தேவதாரு. வேலைப்பாடு கஸ்னி பாணி. சோமநாதருக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லை. இன்னைக்கும் அந்தக் கதவுகள் ஆக்ரா கோட்டையில் இருக்கு. அந்த ஊரோட சொந்தக் கதவு, இல்லாத ஒரு பழியைத் தீர்க்கறதுக்காக இங்கே வந்து நிக்குது.

மறதி

2018 ஆகஸ்ட். எனக்குக் கடைசி வருஷம். தாலிபான் கஸ்னிக்குள் புகுந்து நாலஞ்சு நாள் தெருத் தெருவா சண்டை. தொலைத்தொடர்பு கோபுரம் போய், ஊருக்குப் போனே கிடைக்கலை. பாய் ஹாஸ்டல் வராண்டாவில் போனைக் கையில் வச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தார். அன்னைக்கு ராத்திரி மாடியிலேர்ந்து யாரோ வழக்கம்போல "டேய் கஜினி!"ன்னு என்னைக் கூப்பிட்டான். பாய் நிமிர்ந்து பார்த்தார். எனக்குப் பதில் குரல் கொடுக்கத் தோணலை. மூணு நாள் கழிச்சு அவங்க அம்மா பேசினாங்க. அன்னைக்கு எங்க எல்லாருக்கும் கேன்டீன்ல அவர்தான் டீ வாங்கிக் கொடுத்தார்.

அடுத்த வருஷம், 2019-ல், கஸ்னி கோட்டையின் பழைய கோபுரம் ஒண்ணு மழையில் இடிஞ்சு விழுந்தது. 2021 ஆகஸ்ட் 12-ல் ஊர் தாலிபான் கைக்குப் போச்சு. பாய் இப்ப வேற நாட்டில் இருக்கார். போன மாசம் இந்த எபிசோட் பண்ணப்போறேன்னு அவருக்கு மெசேஜ் பண்ணேன். "உன்னை இன்னும் அந்தப் பேர் சொல்லித்தான் கூப்பிடறாங்களா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். "அப்ப ஊரைப் பத்தியும் சொல்லு"ன்னார்.

சொல்லிட்டேன். அந்தப் பேரை யாரும் பயன்படுத்தக் கூடாதுன்னெல்லாம் நான் கேட்கலை, பழக்கம் அவ்வளவு சீக்கிரம் போகாது. அடுத்த தடவை யாராவது மேடையில் விடாமுயற்சிக்கு 17 தடவை கதையைச் சொன்னா, அவர் தோக்கவே இல்லைன்னு மட்டும் சொல்லுங்க. நேரம் இருந்தா, திராட்சை விளையிற, பனி விழுற அந்த ஊரைப் பத்தியும் ரெண்டு வார்த்தை.

தகவல் தப்பு ஏதாவது கண்ணில் பட்டா எழுதுங்க, அடுத்த எபிசோடில் திருத்திடறேன். மீண்டும் சந்திப்போம்.